கூனி இல்லாத ஆறு

இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷயரில் சில்பரி என்றொரு மண்மேடு இருக்கிறது. நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் மனிதர்கள் எழுப்பிய செயற்கைக் குன்று. அதன் அருகே ஊற்றெடுத்து, மார்ல்பரோ, ஹங்கர்ஃபோர்டு, நியூபரி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, ரெடிங்கில் தேம்ஸோடு சேர்கிறது கென்னட் ஆறு. நீளம் சுமார் 72 கிலோமீட்டர். காவிரியையும் தாமிரபரணியையும் பார்த்த கண்ணுக்கு, மார்ல்பரோவில் ஓடும் கென்னட் ஒரு பாசன வாய்க்காலாகத்தான் தெரியும். முழங்கால் ஆழம். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிகிற தெளிவு. நடுவே பச்சைக் கூந்தலாய் அசையும் நீர்ப்பூண்டு, அதில் வெள்ளைப் பூக்கள்.

அந்தத் தெளிவுக்குக் காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் மென்மையான வெண்சுண்ணப் பாறை. பெய்கிற மழையில் பெரும்பகுதி மண்ணை அரித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவதில்லை. பாறைக்குள் இறங்கி, வெடிப்புகள் வழியே பல மாதங்கள் ஊர்ந்து, வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளியே வருகிறது. வெளியே வரும்போது கோடையோ குளிர்காலமோ, அதன் வெப்பநிலை 10, 11 டிகிரி செல்சியஸ்தான். உலகில் இப்படிப்பட்ட சுண்ணப்பாறை ஆறுகள் இருநூற்றுச் சொச்சம். அவற்றில் சுமார் 85 சதவீதம் இங்கிலாந்தில் இருப்பதாகக் கணக்கு. பழுப்பு ட்ரவுட் என்ற மீனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. தூண்டில்காரர்கள் இந்த ஆறுகளைக் கோயில் குளம்போலக் கொண்டாடுவதற்கும், ஒரு நாள் மீன்பிடிக்கப் பெருந்தொகை கொடுப்பதற்கும் அதுவே காரணம்.

இப்படிப்பட்ட ஆறு நலமாக இருக்கிறதா என்று அளக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே குடியிருக்கும் உயிருக்கு என்னென்ன வேண்டும் என்பது. ட்ரவுட்டின் தேவைகள் அதன் முட்டையிலிருந்து தொடங்குகின்றன.

குளிர்காலத் தொடக்கத்தில் பெண் மீன் சரளைக் கற்கள் நிறைந்த ஆழமில்லாத இடத்தைத் தேடிப் போகிறது. பக்கவாட்டில் சாய்ந்து வாலை வேகமாக அடிக்கிறது. வால் கல்லைத் தோண்டுவதைவிட, அது எழுப்பும் நீரின் விசைதான் கற்களைக் கிளப்புகிறது. கிளம்பிய மண்ணையும் பொடியையும் ஓட்டம் அடித்துப் போகிறது. கனமான கற்கள் சற்றுத் தள்ளி விழுகின்றன. பள்ளத்தில் முட்டையிட்டதும் ஆண் மீன் விந்தைப் பீய்ச்ச, பெண் மீன் ஓட்டத்துக்கு எதிராக இன்னும் சற்று மேலே போய்த் தோண்டி, அந்தக் கற்களாலேயே முட்டைகளை மூடிவிடுகிறது. முட்டைகள் ஒரு சாண் ஆழத்தில் கற்களுக்கு நடுவே புதைந்து கிடக்கின்றன. 10 டிகிரி நீரில் அவை பொரிய 40 முதல் 45 நாள் ஆகும். பொரிந்த பிறகும் குஞ்சு சில வாரம் அங்கேயே இருந்து, வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையின் உணவைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் மேலே வரும்.

இத்தனை நாளும் முட்டைக்கு மூச்சு வேண்டும். ஆற்று நீர் கற்களின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, முட்டையைத் தொட்டு, ஆக்சிஜனைக் கொடுத்து, கழிவை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். புட்டுக் குழலில் மாவை உதிரியாகப் போட்டால் ஆவி மேலேறும், அழுத்தி அடைத்தால் ஏறாது. ஆற்றின் அடித்தளமும் அப்படித்தான். 2 மில்லிமீட்டருக்கும் குறைவான மணலும் வண்டலும் கற்களின் இடுக்கில் நிறைந்துவிட்டால், மேலே நீர் பளிங்காக ஓடினாலும் கீழே முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். கரையில் நின்று பார்ப்பவருக்கு இந்தச் சாவு தெரியாது. அடுத்த ஆண்டு சின்ன மீன்கள் ஏன் குறைந்தன என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

வளர்ந்த மீனுக்கு வேறு கணக்கு. 13 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் அது நன்றாக வளரும். 19, 20 டிகிரி ஆனால் இரை எடுப்பதை நிறுத்திக்கொள்ளும். 25 டிகிரியை ஒட்டிவிட்டால் உயிர் தாங்காது. வெப்பம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது: நீர் சூடாகச் சூடாக மீனின் உடலுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, அதே சமயம் நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும்; 20 டிகிரியில் அது 9.1, 25இல் 8.3. கரையோரத்து மரம் ஒன்றை வெட்டி நிழலை எடுத்துவிட்டால்கூட இந்தக் கணக்கில் அது தெரியும்.

சரி, இதையெல்லாம் எப்படி அளப்பது?

முதல் கருவி கால். ஆற்றோரமாக நடந்து, பார்த்ததை ஒழுங்கான படிவத்தில் குறிப்பது. பிரிட்டனில் 1994இல் உருவான ஆற்று வாழிட அளவீட்டு முறையில், ஒரு தடவைக்கு 500 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 50 மீட்டருக்கு ஒரு நிறுத்தமாகப் பத்து நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் அடித்தளம் கல்லா, மணலா, சேறா. ஓட்டம் சலசலக்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா, தேங்கி நிற்கிறதா. கரை இயற்கையாக இருக்கிறதா, கான்கிரீட் போட்டிருக்கிறதா என்று குறிக்க வேண்டும். பிறகு முழு நீளத்துக்குமாக வளைவுகள், மடுக்கள், தடுப்பணைகள், நிழல் தரும் மரங்கள். பழகிய கண் இதற்கு மேலும் பார்க்கும். மாடு தண்ணீர் குடிக்க இறங்கி மிதித்த கரை, உழுத வயலிலிருந்து மழையில் செம்மண் இறங்கிய தடம், புதருக்குள் ஒளிந்திருக்கும் குழாய் வாய். ஆற்றைக் கெடுக்கும் பல காரியங்களைக் கண்டுபிடிக்க ஆய்வகமே தேவையில்லை, மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையோடு போய்ப் பார்த்தால் போதும். வெயில் நாளில் மட்டும் அளக்கப் போகிறவருக்கு ஆறு தன் நல்ல முகத்தைத்தான் காட்டும்.

இரண்டாவது கருவி பாட்டில். நீரை மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்பி வேதியியல் பார்ப்பது. இதன் வரலாறு பிரிட்டனின் சாக்கடையோடு பிணைந்தது. கழிவுநீர் அகற்றல் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையில் ஒரு வரையறை வைத்தது. ஆற்றில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; ஐந்து நாளில் அது இழுக்கும் ஆக்சிஜன், அதாவது இன்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகங்களில் எல்லோரும் பி.ஓ.டி. என்று சொல்வது, 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைக் கலக்க எட்டு மடங்காவது நல்ல நீர் ஆற்றில் ஓட வேண்டும். அது ஏன் ஐந்து நாள்? பிரிட்டனின் எந்த ஆற்று நீரும் ஐந்து நாளுக்குள் கடலுக்குப் போய்விடும் என்பதால் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்த ஐந்து நாள் கணக்கு உலகம் முழுவதும் பரவிவிட்டது. கடலுக்குப் போய்ச் சேர அதைவிட நாள் எடுக்கும் கங்கைக்கும் காவிரிக்கும் இன்று அதே வகைச் சோதனைதான்; இந்தியாவில் பெரும்பாலும் அதை 27 டிகிரியில் மூன்று நாளாகச் செய்கிறார்கள்.

பாட்டில் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதன் பலவீனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொண்ட அந்த நொடியில், அந்த இடத்தில் ஓடிய நீரைப் பற்றி மட்டுமே அது பேசும். மாதம் ஒரு முறை மாதிரி எடுத்தால், வருடத்தில் 12 நொடிகள். நேற்று இரவு யாரோ கொட்டிய விஷம் இன்று காலை பத்து மைல் தாண்டிப் போயிருக்கும். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் ஆய்வகமும் தேடாது. ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களில் படிவத்தில் உள்ளவற்றை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிவிடும். ஆக்சிஜன் விஷயத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. பாசியும் நீர்ப்பூண்டும் மண்டிய ஆற்றில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் பொங்கும். இரவில் அதே செடிகள் ஆக்சிஜனை உறிஞ்ச, விடிவதற்குச் சற்று முன் அது அடிமட்டத்துக்குப் போகும். மீன் திணறுவது அந்த நேரத்தில். அளக்க வருகிறவர் அலுவலகம் திறந்த பிறகு பதினொரு மணிக்கு வந்து, ஆக்சிஜன் தாராளம் என்று குறித்துக்கொண்டு போவார்.

மூன்றாவது கருவி ஆற்றுக்குள்ளேயே வாழ்கிறது.

கல்லுக்கு அடியில் இருக்கும் சிறு பூச்சிகள் எங்கும் ஓடிவிட முடியாது. மாதக்கணக்காக, சில இனங்கள் ஓராண்டு, ஈராண்டாக, அங்கே ஓடிய ஒவ்வொரு சொட்டு நீரையும் தாங்கிக்கொண்டு இருக்கின்றன. எந்த விஷம் எப்போது வந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது. ஆனால் வந்தது என்று சொல்ல முடியும், தாங்கள் இல்லாமல் போவதன் மூலம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோல்க்விட்ஸ், மார்சோன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இந்த யோசனைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள்: எந்தெந்த உயிர்கள் எந்த அளவு சாக்கடையைத் தாங்கும் என்று வரிசைப்படுத்தினார்கள். பிரிட்டன் 1976இல் ஒரு பணிக்குழுவை வைத்து அதற்கு மதிப்பெண் போட்டது. கல்லோடு ஒட்டி வாழும் தட்டை மே ஈக்கும் பெரும்பாலான கல் ஈக்களுக்கும் 10. நன்னீர்க் கூனிக்கு 6. சேற்றில் நெளியும் சிவப்புப் புழுவான கொசு போன்ற கடிக்காத ஈயின் லார்வாவுக்கு 2. மண்புழுச் சாதிக்கு 1. குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் ஆற்றின் மதிப்பு. பணிக்குழுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து பி.எம்.டபிள்யூ.பி. என்று அழைக்கப்படும் இந்த முறையைத் தழுவி, பிற நாடுகள் தத்தம் ஆறுகளுக்கேற்பப் பட்டியல்களை உருவாக்கிக்கொண்டன.

இதைச் செய்யப் பூச்சியியல் படித்தவர் வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆறுகளோ ஏராளம். அங்கேதான் தூண்டில்காரர்கள் உள்ளே வந்தார்கள். ட்ரவுட் பிடிக்கும் ஆள் இறகாலும் நூலாலும் பூச்சி மாதிரி செய்து தூண்டிலில் கட்டுகிறவர். எந்த மாதத்தில் எந்த ஈ ஆற்றிலிருந்து மேலே வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த ஈக்கள் குறைவதை முதலில் கவனித்ததும் அவர்தான். 2004இல் பிரிட்டனில் ஆற்று ஈக்களுக்காக ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டு, 2007இல் தூண்டில்காரர்களுக்கான கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. ஒரு நாள் பயிற்சி, ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு. குடும்பங்கள் எல்லாவற்றையும் அடையாளம் காண வேண்டியதில்லை. எட்டே எட்டுக் கூட்டங்களைத் தெரிந்தால் போதும்.

அளவீடு இப்படி நடக்கும். ரப்பர் கால்சட்டை அணிந்தவர் ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தைப் பார்த்தபடி வலையை அடித்தளத்தில் ஊன்றுகிறார். வலைக்கு முன்னால் காலால் கற்களைக் கிளறுகிறார். கிளம்பிய பூச்சிகளை ஓட்டமே வலைக்குள் தள்ளிவிடும். மூன்று நிமிடம், நேரம் பார்த்து. ஓரிடத்தில் நில்லாமல், ஓட்டமுள்ள இடம், பூண்டுள்ள இடம், கரையோரம் என்று எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்து. பிறகு ஒரு நிமிடம் பெரிய கற்களைத் தூக்கி, அடியில் ஒட்டியிருப்பவற்றைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாளியில் அலசி, தட்டில் ஒரு அங்குல நீரோடு கொட்டினால், முதலில் குப்பைதான் தெரியும். அரை நிமிடம் பொறுத்தால் குப்பை நடக்கத் தொடங்கும்.

மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய சிறு குழாய் ஒன்று மெல்ல நகர்கிறது. உள்ளே இருப்பது கேடிஸ் பூச்சியின் லார்வா. கூடு கட்டாத அதன் உறவுகள் புழுவாக நெளிகின்றன. மூன்று வால் கொண்ட சின்ன ஆலிவ் ஈயின் குஞ்சு மீன்போலவே விருட்டென்று நீந்தி நிற்கிறது. தட்டைத் தலைக்காரன் தட்டின் அடியோடு ஒட்டிக்கொண்டு நண்டாகப் பக்கவாட்டில் விலகுகிறான். இரண்டே வால் இருந்தால் அது கல் ஈ. சேற்றைத் துளைத்து வாழும் பெரிய மே ஈயின் குஞ்சுக்கு உடலோரம் இறகு வைத்த செவுள்கள். அப்புறம் நீலச் சிறகு ஆலிவ். இவை ஏழும் பூச்சிகள். எட்டாவது, வளைந்த உடலோடு பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி ஓடும் நன்னீர்க் கூனி. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். ஆற்றில் விழும் இலைகளைக் கடித்துக் குதறி மற்றவர்களுக்கும் உணவாக்குவது இதுதான். நல்ல சுண்ணப்பாறை ஆற்றின் ஒரு தட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ட்ரவுட்டுக்கு அதுவே அன்றாடச் சாப்பாடு.

எண்ணிக்கைக்கு மதிப்பெண்: ஒவ்வொரு கூட்டத்திலும் 1 முதல் 9 வரை இருந்தால் 1, 10 முதல் 99 வரை 2, 100 முதல் 999 வரை 3, ஆயிரத்தைத் தாண்டினால் 4. எட்டையும் கூட்ட வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எச்சரிக்கை வரம்பை அரசின் சுற்றுச்சூழல் முகமை முன்கூட்டியே நிர்ணயித்திருக்கும். கூட்டுத்தொகை அதற்குக் கீழே போனால் மறுபடி ஒரு முறை மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே முகமைக்குச் சொல்ல வேண்டும். இத்திட்டத்தின் உயிர்நாடி இந்த வரம்புதான் என்பேன். தன்னார்வலர் எண்ணுகிறார், எண்ணிக்கை எதைத் தொட்டால் அதிகாரி எழுந்து வர வேண்டும் என்பது ஏற்கெனவே இருவரும் ஒப்புக்கொண்ட விஷயம். புகார் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை.

2013 ஜூலை 1. மார்ல்பரோவுக்குக் கீழே கென்னட்டில் தன்னார்வலர்கள் வழக்கமான மாதாந்திரக் கணக்கெடுப்புக்கு இறங்கினார்கள். தட்டில் அசைய வேண்டியவை அசையவில்லை. கூனிகள் இல்லை, பூச்சிகளும் போய்விட்டிருந்தன. நீர் எப்போதும் போலத் தெளிவு. மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதக்கவும் இல்லை. கரையில் நடைபோனவர் எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

தகவல் போனதும் முகமையின் ஆட்கள் வந்தார்கள். மாதிரிகளில் அகப்பட்டது குளோர்பைரிபாஸ், ஒரு பூச்சிமருந்து. மார்ல்பரோ ஊரின் சாக்கடை வழியாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய், அங்கிருந்து ஆற்றுக்கு வந்திருந்தது. மனிதக் கழிவை உண்டு செரிக்கும் பாக்டீரியாக்களை நம்பி இயங்கும் நிலையம் அது. பூச்சிமருந்தைப் பிடித்து நிறுத்த அங்கே எந்த ஏற்பாடும் கிடையாது. ஹங்கர்ஃபோர்டு வரை சுமார் 15 கிலோமீட்டருக்குப் பூச்சியும் கூனியும் அழிந்திருந்தன. ஆற்றில் இறங்க வேண்டாம், நாய்களையும் விட வேண்டாம் என்று அறிவித்தார்கள்.

மீனை விட்டுவிட்டுக் கூனியையும் பூச்சியையும் மட்டும் அது எப்படிக் கொன்றது? குளோர்பைரிபாஸ் நரம்பு விஷம். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போனதும் அந்தச் செய்தியைத் துடைத்து அழிக்க உடலில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்குகிறது. செய்தி அழியாமல் திரும்பத் திரும்ப ஒலிக்க, தசைகள் இழுத்துக்கொண்டு உயிர் போகும். அதே நொதி மீனிலும் நம்மிலும் உண்டு. ஆனால் பூச்சி, கூனி போன்ற கணுக்காலிகள் மிகமிகக் குறைந்த அளவிலேயே மடிந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கூனி பிழைக்காது. ஒரு கிராம் மருந்தைப் பத்து லட்சம் லிட்டர் நீரில் கலந்தால் வருவது அந்த ஒரு மைக்ரோகிராம். வீட்டின் கழுவு தொட்டியிலோ தெருச் சாக்கடையிலோ யாரோ டப்பாவில் மிச்சம் இருந்ததைக் கொட்டியிருக்க வேண்டும், அவ்வளவே. கொட்டியவர் யார் என்பது கண்டுபிடிக்கப்படவே இல்லை.

அதன் பின் நடந்ததை விஞ்ஞானிகள் தொடர்ந்து பார்த்து 2016இல் எழுதினார்கள். இலைகளை அரைக்கும் கூனி இல்லாததால் ஆற்றில் விழுந்த இலைகள் மக்குவது மந்தமாயிற்று. மேயும் பூச்சிகள் இல்லாததால் பாசி கூடியது. சிறகுள்ள பூச்சிகள் மேலோடையிலிருந்து பறந்து வந்து முட்டையிட முடியும்; கூனிக்குச் சிறகில்லை, நீரோடு அடித்து வரப்பட்டும் ஊர்ந்தும்தான் திரும்ப வேண்டும். ஆறு மெல்ல மெல்லத் தேறியது. பிரிட்டன் 2016இல் குளோர்பைரிபாஸின் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது; 2020இல் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது. மனிதக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிய கவலை அதற்குப் பெரிய காரணம். கென்னட்டின் கூனிகளுக்காக அல்ல.

வெற்றிக் கதையாக இதை இத்தோடு முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்த மதிப்பெண் முறையை இன்னொரு முறை பாருங்கள். 900 கூனிகள் இருந்த இடத்தில் 110 மட்டும் மிஞ்சினாலும் மதிப்பெண் அதே 3. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அழிந்துவிட்டது, தாளில் எதுவுமே நடக்கவில்லை. திடீர்ச் சாவைப் பிடிக்க இந்த வலை அருமையானது. மெல்லச் சாவதை இது தவறவிடும். எச்சரிக்கை வரம்பிலும் அதே ஓட்டை இருக்கிறது. ஏற்கெனவே பாதி கெட்டுப்போன ஆற்றில் வரம்பை நிர்ணயித்தால், அந்தப் பாதிக் கேடு வழக்கமான நிலையாகப் பதிவாகிவிடுகிறது.

மெல்லச் சாகடிக்கும் சங்கதிகள் கென்னட்டில் நிறைய. கழிவுநீரிலும் வயல்களிலும் இருந்து வரும் பாஸ்பேட், உழுத நிலத்து வண்டல். இவை தனித்தனியே லேசாகத் தோன்றும். நீலச் சிறகு ஆலிவின் முட்டைகளை வைத்து நடந்த சோதனை ஒன்று 2018இல் வெளிவந்தது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பேட்டும் 25 மில்லிகிராம் வண்டலும் சேர்ந்தபோது முட்டைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் செத்தன. அந்த அளவு கலந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் லேசான கலங்கல்தான். அந்த ஈயின் முட்டை மாதக்கணக்கில் ஆற்றடியில் கிடப்பது. ட்ரவுட் முட்டையைப் போலவே அதற்கும் வண்டல்தான் எமன்.

நீரின் அளவும் சேர்ந்துகொண்டது. கென்னட் பள்ளத்தாக்கில் இருக்கும் ஆக்ஸ்ஃபர்டு (Axford) என்ற கிராமத்தில், நிலத்தடி நீரை உறிஞ்சிப் பக்கத்துப் படுகையில் இருக்கும் சுவிண்டன் நகரத்துக்குக் கொடுத்தார்கள். குடித்துக் கழித்த நீர் கென்னட்டுக்குத் திரும்பவில்லை. வேறு ஆற்றுக்குப் போனது. ஓட்டம் குறைந்த ஆற்றில் வண்டல் படியும், நீர் சூடேறும், அதே கழிவு அடர்த்தியாகும். உள்ளூர் அமைப்பு பல ஆண்டுகள் போராடியது. கடைசியில் 2017இல் வேறிடத்திலிருந்து சுவிண்டனுக்குக் குழாய் போட்டு, கென்னட்டிலிருந்து எடுப்பதைக் குறைத்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த ஓட்டக் கணக்கும் பூச்சிக் கணக்கும் கையில் இருந்தது பெரிய பலம். சாக்கடை விஷயத்தில் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. 2023இல் மட்டும் இங்கிலாந்தின் மழைக்கால வழிந்தோடிகள் 4,64,056 தடவை, மொத்தம் 36 லட்சம் மணி நேரம், சுத்திகரிக்காத கழிவுநீரை நீர்நிலைகளில் விட்டன. இந்த எண் வெளியே வந்ததே, ஒவ்வொரு வழிந்தோடியிலும் அளவி பொருத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்திய பிறகுதான்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். ட்ரவுட் நம் மீன் அல்ல. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் தூண்டில் போட ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைக் கொண்டுவர முயன்றார்கள்; 1907இல் எச். சி. வில்சனின் முயற்சியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. இலங்கையில் நுவரெலியா மலைகளிலும் இதே கதை. இங்கே அது வந்தேறி. நம் ஓடைகளின் சொந்த மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்னக்கூடியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ட்ரவுட்டின் வாழிடத்தைக் காக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.

தட்டில் தேடும் பூச்சிகள் வேறு விஷயம். மே ஈயும் கேடிஸும் கல் ஈயும் குற்றாலத்துக்கும் குடகுக்கும் சொந்தக்காரர்கள். தமிழ்நாட்டுப் பூச்சியியலாளர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் மே ஈக்களையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். அவரும் அமெரிக்காவின் வின்சென்ட் ரெஷ் உள்ளிட்ட ஆய்வாளர்களும் காவிரிப் படுகையில் அடித்தளப் பூச்சிகளைச் சேகரித்து, வேறு நாடுகளில் உருவான மதிப்பெண் முறைகள் இங்கே செல்லுமா என்று பார்த்து 1996இல் எழுதினார்கள். அறிவியல் இங்கே முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. மாதந்தோறும் ஆற்றில் இறங்கி எண்ணும் ஊர்க்காரர்களும், எண் இறங்கினால் வந்தே தீர வேண்டிய அதிகாரியும் இன்னும் வரவில்லை. மேட்டூரிலோ பவானியிலோ திருப்பூரிலோ மீன்கள் செத்து மிதக்கும் படம் நாளிதழில் வந்தால்தான் நமக்குச் செய்தி. அதற்குப் பல நாள் முன்பே கல்லுக்கு அடியில் செய்தி முடிந்திருக்கும்.

குளோர்பைரிபாஸ் நம் ஊரில் அறியாத பொருள் அல்ல. உரக்கடையிலும் பெயின்ட் கடையிலும் கரையான் மருந்து என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அதைத்தான். வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் ஊற்றுகிறோம், வயலில் தெளிக்கிறோம். 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, இதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தன. அது கடையை விட்டுப் போக இன்னும் நாளாகும். அதுவரை ஒன்று செய்யுங்கள்: மருந்து தீர்ந்த டப்பாவையும் தெளிப்பானையும் வாய்க்காலிலோ, ஆற்றிலோ, சாக்கடைக்குப் போகும் குழாயடியிலோ கழுவாதீர்கள். கழுவிய நீரை மருந்து தெளித்த அதே நிலத்திலேயே, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஊற்றுங்கள்.